நெடுவில்லில் எழுதப்பட்ட பெயர்: கைவினை விற்களின் சேகரிப்பும் மதிப்பீடும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மரத்தின் பெயரே அம்மரத்தால் ஆகிய கருவிக்கும் பெயராவது மொழிகள் பலவற்றில் காணப்படும் இயல்பாகும். தமிழில் 'சிலை' என்னும் சொல் வில்லையும் ஒருவகை மரத்தையும் குறிப்பதை அகராதிகள் பதிவு செய்துள்ளன. பழைய நார்ஸ் மொழியில் யூ மரத்திற்கும் வில்லிற்கும் ஒரே சொல் வழங்கியது. யூ மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான 'டாக்ஸஸ்' என்பதும், வில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'டாக்ஸோன்' என்பதும் தொடர்புடையனவாகலாம் எனச் சொற்பிறப்பியலார் கருதுவர். இவ்வாறு மரத்தின் பெயர் மொழியில் நிலைத்தது. வில்லை எய்தவனின் பெயர் இலக்கியத்தில் நிலைத்தது. சேரரின் இலச்சினை வில்லாக இருந்தது. ஓரி 'வல்வில்' என்னும் அடையோடு வழங்கப்பெற்றான். ஆயின் அவன் கையிலிருந்த வில்லைச் செய்தவரின் பெயரைச் சங்க இலக்கியம் தனித்துப் போற்றவில்லை. இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நெடுவில்லின் வரலாற்றிலும் பன்னூறு ஆண்டுகள் இதே நிலை நீடித்தது.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறு பட்டறைகளில் கையால் செய்யப்படும் நெடுவிற்களைச் சேகரிப்போர் முதலில் தேடுவது வில்லின்மேல் எழுதப்பட்டுள்ள கைவினைஞரின் பெயரையே. அப்பெயர் எப்போது, எதனால் வில்லின்மேல் இடம்பெற்றது என்பதையும், பெயரைக் கொண்டு வில்லை மதிப்பிடும்போது விடுபட்டுப்போவது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நெடுவில்லின் இயல்பு

நெடுவில் என்பது ஏறத்தாழ எய்பவரின் உயர அளவினதாகவோ அதனினும் நீண்டதாகவோ அமைந்த, குறுகிய கைகளை உடைய வில்லாகும். வில்லின் இலக்கை நோக்கிய புறத்தை முதுகு என்றும், எய்பவரை நோக்கிய புறத்தை வயிறு என்றும் வில் செய்வோர் வழங்குவர். வில்லை இழுக்கும்போது முதுகு நீட்சிக்கும் வயிறு அமுக்கத்திற்கும் உள்ளாகின்றன. யூ மரத்தின் வெளிப்புற வெண்மரம் நீட்சியையும், உட்புற வைரம் அமுக்கத்தையும் நன்கு தாங்குவன. எனவே இவ்விரண்டும் சேரும் இடத்தில் பிளந்தெடுத்த கழி, இயற்கையே ஒட்டித் தந்த இருபொருள் வில்லாக அமைகிறது. தொல்காப்பிய மரபியல் அகக்காழ் உடையவற்றை மரம் என்றும் புறக்காழ் உடையவற்றைப் புல் என்றும் பகுக்கும் முறை இங்கு நினைவுகூரத்தக்கது. யூ வில் அகக்காழைத் தன் வயிற்றில் கொண்டது. 20ஆம் நூற்றாண்டில் மூங்கிலால் செய்யப்பட்ட நெடுவிற்களோ புறக்காழின் வலிமையைப் பயன்கொண்டவை.

இவ்வறிவு மிகப் பழமையானது. 1991இல் ஆல்ப்ஸ் மலையில் கண்டெடுக்கப்பட்ட, 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட 'ஓட்ஸி' என்னும் பனிமனிதனின் அருகில் 1.82 மீட்டர் நீளமுள்ள யூ வில் ஒன்று கிடந்தது. அது செய்து முடிக்கப்படாத வில். கருவி செதுக்கிய தடங்கள் அதன்மேல் இன்றும் தெரிகின்றன. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944இல் கிடைத்த எல்ம் மர விற்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமை உடையன. செய்தவர் கைத்தடம் எஞ்சியுள்ளது, பெயர் எஞ்சவில்லை.

2. பெயரற்ற வினைஞர்

இடைக்கால இங்கிலாந்தில் நெடுவில் அரசின் படைக்கலமாக இருந்தது. இலண்டனில் வில் செய்வோரும் அம்பு செய்வோரும் 1371இல் தனித்தனித் தொழிற்குழுக்களாகப் பிரிந்தனர். உள்நாட்டு யூ மரம் போதாமையால், இங்கிலாந்திற்குச் சரக்கேற்றி வரும் கப்பல்கள் ஒவ்வொரு 'டன்' சரக்கிற்கும் நான்கு விற்கழிகள் கொண்டுவர வேண்டும் என 1472இல் சட்டம் இயற்றப்பட்டது. வில் இங்குப் படைத்தளவாடமாக எண்ணிக்கையில் கணக்கிடப்பட்டது. தனித்த ஒரு வில்லுக்கோ அதைச் செய்தவருக்கோ தனிமதிப்பு வழங்கப்படவில்லை.

இதற்கு வலுவான சான்று மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பலாகும். எட்டாம் ஹென்றியின் இக்கப்பல் 1545 ஜூலை 19 அன்று மூழ்கியது. 1982 அக்டோபர் 11 அன்று அதன் உடற்பகுதி மேலே கொண்டுவரப்பட்டது. அகழ்வில் முழுமையான நெடுவிற்கள் 137 கிடைத்தன. அம்புகள் 3,500க்கும் மேற்பட்டன. விற்களின் சராசரி நீளம் ஏறத்தாழ 1.98 மீட்டர். பல விற்களில் சிறு குறிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை செய்தவர்களின் அடையாளங்களாக இருக்கலாம் எனக் கருதப்பட்டாலும், எக்குறியையும் ஒரு மனிதரின் பெயரோடு உறுதியாக இணைக்க இயலவில்லை. கப்பல் மூழ்கிய அதே 1545இல்தான் ரோஜர் ஆஸ்கமின் 'டாக்சோஃபிலஸ்' என்னும், வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் எழுந்த முதல் நூல் அச்சேறியது என்பது குறிப்பிடத்தக்கது. வில் நூற்பொருளாகிவிட்டது, வில் செய்தவர் இன்னும் பெயர் பெறவில்லை.

3. படைக்கலம் பொழுதுபோக்குக் கருவியாதல்

1595இல் ஆங்கில அரசவை, பயிற்சிப் படைகளில் வில்லுக்கு மாற்றாகத் துப்பாக்கியை ஏற்குமாறு ஆணையிட்டது. படைத்தேவை நீங்கியபின் வில்தொழில் சுருங்கியது. 1781இல் சர் ஆஷ்டன் லீவர் இலண்டனில் டாக்சோஃபிலைட் கழகத்தை நிறுவினார். லீவர் அருங்காட்சியகம் ஒன்றை அமைத்த பெருஞ்சேகரிப்பாளர் என்பது நோக்கத்தக்கது. வில்வித்தையின் மறுமலர்ச்சிக்கும் சேகரிக்கும் மனப்பாங்கிற்கும் உள்ள உறவு இத்தொடக்கத்திலேயே வெளிப்படுகிறது.

இக்காலத்திற்குப் பின்னரே வில் செய்தவரின் பெயர் வில்லின்மேல் ஏறத் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில விற்களின் கைப்பிடிக்கு அருகில் ஆல்ட்ரெட், புக்கானன் முதலிய கடைகளின் பெயர்கள் முத்திரையிடப்பட்டன; வில்லின் இழுவிசை பவுண்டு எண்ணில் குறிக்கப்பட்டது. எடின்பரோவில் வில் செய்த பீட்டர் மியூர் 1845இல் ஆங்கில நாட்டுப் பெரும்போட்டியில் தாமே வாகை சூடினார். செய்பவரும் எய்பவரும் ஒருவரே ஆன நிலையில் அவர் பெயர் இருவகையாலும் நிலைபெற்றது. படைத்தளவாடத்திற்கு எண்ணிக்கை போதுமாயிருந்தது. தாமே விரும்பி விலைகொடுத்து வாங்கும் நுகர்வோருக்கோ நம்பத்தக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. வில் போர்ப்பயன் இழந்ததே அதன் கைவினைஞருக்குப் பெயர் தந்தது எனலாம்.

4. இஷியும் போப்பும்

இம்மரபு அமெரிக்காவில் வேரூன்றியதற்கு மாரிஸ் தாம்சன் 1878இல் வெளியிட்ட 'தி விட்சரி ஆஃப் ஆர்ச்சரி' என்னும் நூல் பெரிதும் துணைசெய்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டில் தேசிய வில்வித்தைச் சங்கம் தோன்றியது. எனினும் சிறு பட்டறைக் கைவினைஞர் பலர் தம் மரபின் தொடக்கமாகக் கருதுவது 1911இல் நிகழ்ந்த ஒரு சந்திப்பையே.

1911 ஆகஸ்டு 29 அன்று கலிபோர்னியாவின் ஓரோவில் நகருக்கு அருகில், யாஹி என்னும் பழங்குடியைச் சேர்ந்த ஒருவர் பசியால் மெலிந்த நிலையில் காணப்பட்டார். குடியேறிய வெள்ளையர் நடத்திய படுகொலைகளால் அவருடைய இனம் அழிக்கப்பட்டிருந்தது. மானிடவியலாளர் ஆல்பிரட் குரோபர் முதலியோர் அவரைச் சான்பிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்திற்கு அழைத்துவந்தனர். அவர் மரபின்படி தம் பெயரைத் தாமே பிறரிடம் கூறுதல் முறையன்று. அவருக்காக அதைக் கூறுவதற்கு அவர் இனத்தார் எவரும் எஞ்சவில்லை. ஆகவே அவர் மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லே அவருக்குப் பெயராக இடப்பட்டது. அவருடைய இயற்பெயர் இறுதிவரை வெளிப்படவில்லை.

அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப், இஷியிடம் வில்லும் அம்பும் செய்யும் முறையைக் கற்றார். 1916 மார்ச் 25 அன்று இஷி காசநோயால் இறந்தார். போப் 1918இல் யாஹி வில்வித்தை பற்றிய ஆய்வையும், 1923இல் வில்கொண்டு வேட்டையாடுதல் பற்றிய நூலையும் வெளியிட்டார். இரண்டாம் நூலைப் படித்தே அமெரிக்காவில் பலர் வில் செய்யத் தொடங்கினர்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. இஷியின் வில் நெடுவில் அன்று. அது ஏறத்தாழ நான்கு அடி நீளமும் அகன்று தட்டையான கைகளும் உடைய, முதுகில் விலங்கின் தசைநார் ஒட்டப்பட்ட ஜூனிப்பர் மர வில்லாகும். போப் தாம் வேட்டைக்குப் பயன்படுத்திய வில்லை ஆங்கில முறையில் யூ மரத்தால் செய்தார். இலண்டன் கோபுரத்தில் இருந்த மேரி ரோஸ் வில்லொன்றின் அளவுகளைப் பெற்று, அதனைப் போன்ற ஒன்றைச் செய்து சோதித்தார். ஆகவே அமெரிக்க நெடுவில்லின் வடிவம் ஆங்கில மரபிலிருந்தும், மரத்தைத் தேர்ந்து தன் கையாலேயே வில் செய்து காட்டில் எய்யும் ஆர்வம் யாஹி மரபிலிருந்தும் பெறப்பட்டன என்பது புலனாகிறது. சேகரிப்பு உலகில் போப்பின் பெயர் விலைமதிப்புடைய பெயராகியது. அவருக்குக் கற்பித்தவரோ சொந்தப் பெயராலன்றி ஒரு பொதுச்சொல்லால் அறியப்படுகிறார்.

இஷியின் விருப்பத்திற்கு மாறாக அவர் உடல் கூறாய்வு செய்யப்பட்டு மூளை தனியே எடுக்கப்பட்டது. அது ஸ்மித்சோனியன் நிறுவனத்திலிருந்து மீட்கப்பட்டு, அவர் உடலின் எச்சங்களுடன் 2000ஆம் ஆண்டில் உறவுடைய பழங்குடியினரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெர்க்கிலியில் குரோபரின் பெயர் தாங்கியிருந்த கட்டடத்திலிருந்து 2021 ஜனவரியில் அப்பெயர் நீக்கப்பட்டது. சேகரித்தல் என்னும் செயல் எல்லை மீறும்போது மனிதரையும் பொருளாக்கிவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

5. ஆலையும் பட்டறையும்

1930களில் அர்கன்சாஸ் மாநிலத்தின் பைன் பிளஃப் நகரில் பென் பியர்சன் விற்களைப் பெருமளவில் உற்பத்தி செய்யலானார். மிச்சிகனில் ஃபிரெட் பேர் தொடங்கிய நிறுவனம் 1947இல் கிரேலிங் நகருக்கு மாறியது. அந்நிறுவனத்தில் 1940களில் நெல்ஸ் கிரம்லி என்பார் கையால் செய்த விற்கள் அவர் பெயரைத் தாங்கி வெளிவந்தன. பிற்காலத்தில் ஆலையில் உருவான ஆயிரக்கணக்கான விற்களினும் கிரம்லியின் பெயருள்ள விற்களைச் சேகரிப்போர் உயர்வாக மதிக்கின்றனர். ஆலைக்குள்ளேயே ஒரு கைவினைஞரின் பெயர் தனித்து நின்றமைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

1938இல் வெளிவந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' என்னும் திரைப்படத்திற்காக அம்பெய்த ஹோவர்ட் ஹில் (1899–1975) மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த நெடுவிற்களைப் பரவச் செய்தார். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்ணாடியிழைப் பட்டைகள் வில்லின் முதுகிலும் வயிற்றிலும் இடம்பெறலாயின. மரத்தின் குறைகளைக் கண்ணாடியிழை மறைத்தது. மரத்தைப் படித்தறியும் திறன் இன்றியமையாதது என்னும் நிலை மாறியது. 1969 டிசம்பரில் ஹாலிஸ் வில்பர் ஆலன் கப்பிகள் பொருத்திய வில்லிற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வேட்டைக்காரரும் மெல்ல மெல்ல நெடுவில்லைக் கைவிட்டனர். 1595இல் இங்கிலாந்தில் நிகழ்ந்தது அமெரிக்காவில் மீண்டும் நிகழ்ந்தது.

இம்முறையும் பயன் குறைந்தபோதே கைவினை புத்துயிர் பெற்றது. 1988இல் பால் காம்ஸ்டாக் வெளியிட்ட 'தி பென்ட் ஸ்டிக்' என்னும் நூலும், 1992 முதல் 1994 வரை மூன்று தொகுதிகளாகவும் 2008இல் நான்காம் தொகுதியாகவும் வெளிவந்த 'தி டிரடிஷனல் போயர்ஸ் பைபிள்' என்னும் நூல்வரிசையும் இதற்கு வழிவகுத்தன. நல்ல வில்லிற்கு யூ அல்லது ஒசேஜ் ஆரஞ்சு மரமே வேண்டும் என்ற கருத்து இவற்றால் தளர்ந்தது. மரத்தின் இயல்பிற்கேற்ப வில்லின் கையை அகலப்படுத்தினால் எல்ம், ஓக், ஹிக்கரி முதலிய பொதுமரங்களும் சிறந்த வில்லாகும் என இவை நிறுவின. ஹோல்மகோர் விற்கள் அகன்ற எல்ம் விற்களாயிருந்தமை இதற்குத் தொல்லியல் சான்றாயிற்று. பெயரற்ற பழைய வினைஞரின் அறிவை இக்காலப் பட்டறை மீண்டும் கண்டெடுத்தது எனலாம்.

6. சேகரிப்போர் நோக்கும் கூறுகள்

ஒருவரோ இருவரோ மட்டும் உழைக்கும் இச்சிறு பட்டறைகளில் வில் வாங்குபவரின் உயரத்திற்கும் வலிமைக்கும் ஏற்பச் செய்யப்படுகிறது. மெருகெண்ணெய் பூசுவதற்குமுன் வில்லின் கையில் மையால் செய்தவரின் பெயர், வில்லின் நீளம், 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள இழுவிசை, வரிசை எண் ஆகியன எழுதப்படுவது வழக்கம். பழைய வில்லைப் புதுப்பிக்க எண்ணி மேற்பூச்சைச் சுரண்டுவோர் இவ்வெழுத்தையும் அழித்துவிடுவதுண்டு. கல்வெட்டைத் தேய்த்துச் சுவரை வெள்ளையடிப்பது போன்றது இது.

எழுத்தைக் கடந்து மரத்தைப் படிக்க வல்லவரே தேர்ந்த சேகரிப்பாளர். அவர் நோக்கும் கூறுகளுள் முதன்மையானவை பின்வருமாறு:

முதலாவது, ஆண்டு வளையம். ஒசேஜ் ஆரஞ்சு வில்லின் முதுகு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஆண்டு வளையமாக அமைதல் வேண்டும். அவ்வளையம் ஓரிடத்தில் வெட்டுப்பட்டாலும் வில் அங்கே பிளக்கக்கூடும். கணு உள்ள இடத்தில் சுற்றிலும் மரத்தைச் சற்று மேடாக விட்டுச் செல்வது வினைத்திறனுக்கு அடையாளம்.

இரண்டாவது, வளைவு. நாணேற்றி இழுக்கும்போது இரு கைகளும் ஒத்து வளைதல் வேண்டும். ஓரிடம் மிகுதியாக வளைந்தால் அழுத்தம் முழுவதும் அங்கே திரளும். சிறிது சிறிதாகச் சுரண்டி, இழுத்து நோக்கி, மீண்டும் சுரண்டி இச்சமன் எய்தப்படுகிறது. இதனை அளவுகோல் தருவதில்லை. கண்ணும் பயிற்சியுமே தருகின்றன.

மூன்றாவது, நிலைவளைவு. நாணைக் கழற்றியபின்னும் வில் நாண் இருந்த பக்கமாகச் சற்று வளைந்தே நிற்பதுண்டு. மிகுதியான நிலைவளைவு, மரம் ஈரமாக இருந்ததையோ வடிவமைப்பில் வயிற்றிற்குச் சுமை கூடியதையோ காட்டும். மரத்தின் ஈரப்பதம் நூற்றுக்கு 8 முதல் 10 வரை அமைதல் நன்று என்பர். மிகக் காய்ந்த வில் முறியும், ஈரமான வில் தளரும்.

அமெரிக்கப் பழங்குடியினரிடையே இம்மதிப்பீடு முன்னரே நிலவியதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்து நாட்டவரான ஜான் பிராட்பரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிசௌரி ஆற்றுவழிப் பயணம் மேற்கொண்டார். ஒசேஜ் ஆரஞ்சு மரத்தில் செய்த ஒரு வில்லிற்கு அரிகாரா மக்களிடையே ஒரு குதிரையும் ஒரு போர்வையும் விலை என அவர் குறித்துள்ளார். அம்மரம் வளரும் தென்பகுதி அங்கிருந்து நெடுந்தொலைவு. அவ்விலை மரத்திற்கும் வினைக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதாகும்.

7. எய்வதா, காப்பதா

ஓவியத்தையோ நாணயத்தையோ சேகரிப்பவருக்கு இல்லாத இடர்ப்பாடு வில்லைச் சேகரிப்பவருக்கு உண்டு. முழுதும் இழுத்த வில் பத்தில் ஒன்பது பங்கு முறிந்த வில் என்பது வில் செய்வோரிடையே வழங்கும் பழமொழி. வில்லின் தரத்தை எய்தாலன்றி அறிய இயலாது. பழைய வில்லை எய்தால் அது முறியக்கூடும். அருங்காட்சியகத்தில் இருந்த பல நாட்டு விற்களைச் சோதித்துத் தம் 1923ஆம் ஆண்டு ஆய்வை எழுதிய போப், அச்சோதனையில் சில விற்களை இழக்க நேர்ந்தது. அறிவு கிடைத்தது, பொருள் அழிந்தது.

இதற்கு மாறான வழியை மேரி ரோஸ் ஆய்வு காட்டியது. நான்கு நூற்றாண்டுகளுக்குமேல் கடலடியில் கிடந்த விற்களை முழுவிசையில் இழுக்க இயலாமையால், வில் வினைஞர் ராய் கிங் அவற்றின் அளவிலேயே புதிய விற்களைச் செய்தார். ஆய்வுக்குழுவிற்குத் துணைநின்ற நடிகரும் வில்வரலாற்றறிஞருமான ராபர்ட் ஹார்டி இப்பணியில் பங்கேற்றார். அவ்விற்கள் பெரும்பாலும் 100 பவுண்டிற்கும் மேற்பட்ட இழுவிசை உடையன என்பது இம்முறையால் தெளிவாயிற்று. இறந்த வில்லின் இயல்பை வாழும் கைவினைஞர் வழியே அறிய முடிந்தது.

இங்கிலாந்தில் இங்கோ சைமன் திரட்டியளித்த தொகுப்பு மான்செஸ்டர் அருங்காட்சியகத்திலும், மருத்துவர் சார்லஸ் கிரேசனின் தொகுப்பு மிசௌரிப் பல்கலைக்கழகத்திலும் காக்கப்படுகின்றன. இத்தகைய தொகுப்புகள் வடிவத்தையும் அளவையும் காக்கும். எந்நேரத்தில் சுரண்டலை நிறுத்த வேண்டும் என்னும் அறிவைக் காக்கும் ஆற்றல் கண்ணாடிப் பெட்டிக்கு இல்லை. அவ்வறிவு, வில் செய்துகொண்டிருக்கும் கையில் மட்டுமே உயிர்த்திருக்கும். ஆகவே மறைந்தவர் செய்த ஒரு வில்லை வாங்குவதோடு, வாழும் ஒருவரிடம் ஒரு வில்லைச் செய்யச் சொல்லி எய்து பழகுவதும் சேகரிப்பின் கடமையாகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

வில் படைக்கலமாக இருந்தவரை அதைச் செய்தவர் பெயரற்றவராக இருந்தார். விளையாட்டுப் பொருளானபின் பெயர் பெற்றார். 1595க்குப் பின் இங்கிலாந்திலும் 1969க்குப் பின் அமெரிக்காவிலும் நெடுவில் பயன்பாட்டிலிருந்து விலகியதே அதன் கைவினை மதிப்பு உயரக் காரணமாயிற்று.

பெயரைக் கொண்டு மதிப்பிடும் சேகரிப்பு முறை நாள், இடம், வினைத்திறன் ஆகியவற்றை அறியத் துணைசெய்கிறது. அதேவேளையில், எழுதிவைக்க வாய்ப்பில்லாதவரின் பங்கை அது மறைத்துவிடுகிறது. இஷியின் வரலாறு இதனை ஐயத்திற்கிடமின்றி உணர்த்துகிறது.

வில்லின்மேல் உள்ள எழுத்தைப் போலவே அதன் ஆண்டு வளையமும் கணுவும் சுரண்டல் தடமும் ஆவணங்களே. அவற்றைப் படிக்கக் கற்றவர், ஓட்ஸியின் முடிவுறாத வில்லிலும் மேரி ரோஸின் பெயரற்ற விற்களிலும் ஒரு கைவினைஞரைச் சந்திக்கிறார். தமிழ்ப் பழம்பாடல்களில் வில்லேந்தியவரைப் பற்றி ஆராய்வோர், அவ்வில்லிற்கு மரம் தேர்ந்தவரையும் வளைத்தவரையும் நாண் முறுக்கியவரையும் பற்றிய வினாக்களை எழுப்புதற்கு இவ்வரலாறு ஒரு தூண்டுதலாக அமையும்.